இருமல் மருந்தும் ஒரு கைப்பெட்டியும்

இனிமேல் விமானத்தில் போனால் என் பெட்டி என் கையை விட்டு எங்கேயும் போகாது என்று நான் முடிவு செய்தேன். முடிவு செய்ததோடு நிற்கவில்லை. சாப்பாட்டு மேஜையை ஓங்கித் தட்டி அறிவிக்கவும் செய்தேன். தட்டிய வேகத்தில் உப்பு ஜாடி சரிந்தது. மனைவி அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவள் எதிர்த்துப் பேசிய விஷயங்களில் நான் எப்போதாவது ஜெயித்திருக்கிறேன். அவள் "சரிங்க" என்று சொன்ன விஷயத்தில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஆனால் வீரம் தலைக்கேறிய நேரத்தில் இதெல்லாம் ஞாபகத்துக்கு வருமா?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடிச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு என் பொறுப்பு. கிண்ணம், கோப்பை, ஜாடி, விளக்குக் கூண்டு எதுவானாலும் என் கை பட்டுத்தான் வெளியே போகும். நான் அடுக்கிய பெட்டியை லாரியிலிருந்து தூக்கி எறியலாம். பெட்டி நசுங்கும், எறிந்தவருக்குத் திட்டு விழும், உள்ளே இருக்கும் கோப்பைக்கு ஒன்றும் ஆகாது. தொழிற்சாலையில் என்னை எல்லோரும் 'பேக்கிங் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அப்பேர்ப்பட்டவனின் பெட்டி போன பயணத்தில் தொலைந்துபோனது. விமானத்தின் அடிவயிற்றில் ஏற்றிய பெட்டி, நாங்கள் இறங்கிய ஊரில் இறங்கவில்லை. வேறு எங்கெங்கேயோ சுற்றிப் பார்த்துவிட்டு, நாங்கள் வீடு திரும்பிய பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தது. அதுவரை நான் என் சகலையின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். ஆள் ஆஜானுபாகு. அவர் சட்டைக்குள் நான் இருக்கிறேனா, சட்டை மட்டும் தனியாக நடமாடுகிறதா என்று பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தேகம். வீட்டுக்கு யார் வந்தாலும் சகலை என் தோளைக் கதவு தட்டுவது மாதிரி தட்டி, "என்ன சகலை, உள்ளே இருக்கீங்களா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவர் தன் தலைமுடியை ஒருமுறை கோதிவிட்டுக்கொள்வார். அந்தக் கோதல்தான் எனக்குத் தாங்காது. என்னைவிட மூத்தவர், தலையில் ஒரு நரை கிடையாது. கன்னங்கரேல் என்று இருக்கும்.

என் தலையும் கறுப்புதான். அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இப்போது மறுபடியும் சகலை வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. என் மனைவி எங்கள் வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறாள். அதைப் பார்த்துப் பார்த்து அவள் அக்காவுக்கும் ஆசை வந்து, தன் ஊரில் ஒன்று திறக்கப் போகிறாள். திறப்பு அன்றைக்கு வருகிறவர்கள் முன்னால் ஒருவரை உட்கார வைத்து, மேக்கப்புக்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று என் மனைவி செய்துகாட்ட வேண்டும். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்று அவள் யோசனை சொன்னாள்.

"ஆம்பளைங்களுக்கும் சேர்த்துத்தாங்க அக்கா கடை திறக்கிறா. ஒரு ஆம்பளை உட்கார்ந்தாத்தானே மத்தவங்களுக்கும் கூச்சம் போகும்."

"உங்க அத்தானை உட்கார வை."

"அவர் மாட்டேங்கிறார்."

"அவர் மாட்டேன்னா நான் மாட்டிக்கணுமா?"

"கொஞ்ச நேரம்தாங்க."

"நடக்காது. சகலை முன்னால முகத்துல பவுடரை அப்பிக்கிட்டு உட்கார்ந்தா, சட்டைக் கதை முடிஞ்சு பவுடர் கதை ஆரம்பிச்சுடும். அது என் ஆயுசுக்கும் ஓடும்."

அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்தச் சூட்டோடுதான் நான் மேஜையைத் தட்டி, ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, வேறு பெட்டி கிடையாது என்று அறிவித்தேன்.

விடுமுறை நாள் காலையில் அவளுடைய மேக்கப் பெட்டியைக் கட்டிலில் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். திறந்தால் அடுக்கு அடுக்காக விரிகிற பெட்டி. ஒவ்வொரு அடுக்கிலும் புட்டி, டப்பா, குச்சி, தூரிகை. ஒரு முகத்துக்கு இத்தனையா? எங்கள் தொழிற்சாலை முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க இதைவிடக் குறைவான சாமான்தான் வந்தது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்தேன்.

"நல்லாக் கேட்டுக்கோ. கையோட கொண்டு போற பெட்டியில தண்ணி மாதிரி, கூழ் மாதிரி எது இருந்தாலும் சின்னப் புட்டியிலதான் இருக்கணும். ஒரு புட்டி நூறு மில்லிக்கு மேல போகக் கூடாது. அத்தனை புட்டியையும் உள்ளே இருக்கிறது தெரியற மாதிரி ஒரே ஒரு ஜிப் கவர்ல போடணும். சோதனையில அதைத் தனியா எடுத்துக் காட்டணும். ஆளுக்கு ஒரு கவர்தான். கட்டியா இருக்கிறதுக்கும் தூளுக்கும் இந்தக் கெடுபிடி இல்லை. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"இது என்ன?"

"பவுண்டேஷன்."

"வீடா கட்டப் போறே?"

"முகத்துக்குங்க. முதல் பூச்சு."

"தண்ணியா இருக்கு. கவருக்குப் போகட்டும். இது?"

"பிரைமர். முதல் பூச்சுக்கு முன்னால போடறது."

"முதலுக்கு முன்னாலயுமா? சரி, அதுவும் கவருக்கு. இது?"

"கன்சீலர். கரும்புள்ளி, கண்ணுக்குக் கீழே கருவளையம், எல்லாத்தையும் மறைக்கிறது."

"மறைக்கிறதுக்குன்னே தனியா ஒண்ணா?"

"பின்னே? மறைக்கிறது லேசுப்பட்ட வேலையாங்க? மறைச்சிருக்கோம்னு தெரியாம மறைக்கணும். அது எல்லாருக்கும் வராது."

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை.

"இந்தப் பெரிய புட்டி?"

"செட்டிங் ஸ்ப்ரே. போட்ட மேக்கப் கலையாம இருக்க மேலே அடிக்கிறது."

"நூத்தைம்பது மில்லின்னு போட்டிருக்கு. வீட்லயே இருக்கட்டும்."

"பாதிதாங்க இருக்கு."

"பாதி இருக்கா, அடியில ஒட்டிக்கிட்டு இருக்கான்னு அவங்க பார்க்க மாட்டாங்க. புட்டி என்ன அளவோ அதுதான். இதெல்லாம் தெரிஞ்சுக்கணும்மா."

"நீங்க சொல்லித்தானே தெரியுது."

இதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. மஸ்காரா, ஐ லைனர், முகம் கழுவும் ஜெல், மேக்கப் கலைக்கும் எண்ணெய் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்புச் சொன்னேன். கடைசியில் ஜிப் கவர் கர்ப்பமாக இருப்பது மாதிரி வீங்கிக்கொண்டு நின்றது. ஜிப் பாதிக்கு மேல் போகவில்லை. நான் முழங்கையை வைத்து அழுத்தினேன். உள்ளே ஏதோ ஒன்று 'ப்ளக்' என்றது. என் சட்டைக் கையில் மாம்பழ நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

"பார்த்தியா? இந்த லட்சணத்துல நீ சோதனையைத் தாண்ட மாட்டே. அங்கே நிப்பாட்டி, எல்லார் முன்னாலயும் ஒவ்வொண்ணா வெளியே எடுத்துப் போடுவாங்க."

"அப்படியாங்க?"

"சந்தேகம்னா பந்தயம் கட்டு. உன் பெட்டி சோதனையில நின்னுச்சுன்னா, திறப்பு விழா முடிஞ்ச மறுநாளே ஊர் திரும்பறோம். சகலை முகத்தை ஒரு நாளைக்கு மேல என்னால பார்க்க முடியாது."

"என் பெட்டி நிக்காமப் போயிட்டா?"

"போகாது."

"போயிட்டா, அக்கா ஆசைப்படற வரைக்கும் அங்கே இருப்போமா?"

"இரு. தாராளமா இரு. அது மட்டுமில்லை. உன் பெட்டி நிக்காமப் போய், என் பெட்டி நின்னுச்சுன்னா, அந்த நாற்காலியிலயே நான் உட்கார்றேன். நீ என்ன பூசினாலும் பூசிக்கறேன். போதுமா?"

கவனியுங்கள். அந்த நாற்காலியை அவள் கேட்கவே இல்லை. நானாகவே எடுத்து நீட்டினேன். பேக்கிங் மாஸ்டர் பெட்டி நிற்பதாவது! நான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தேன்.

அவள் கவரை என் கையிலிருந்து வாங்கி, வழிந்ததைத் துடைத்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

இனி என் தலை விஷயம்.

என் தலை கறுப்பு என்று சொன்னேன் அல்லவா? சாயம்தான். தலைச்சாயம். சகலையின் தலையைப் பார்த்துப் பார்த்து வந்த வைராக்கியம் அது. ஊரின் அந்தக் கோடியில் ஒரு கடையில் வாங்குகிறேன். மணப்பெண் அலங்காரம் என்று மனைவி வெளியே போகிற நாளில் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தடவுகிறேன். தண்ணீராகவே வரும் சாயம். சீப்பில் தொட்டுத் தடவி, காயவிட்டு, அலசினால் முடிந்தது. தடயத்தை எல்லாம் கழுவிவிட்டு ஈரத் தலையோடு பத்திரிகை படிக்க உட்கார்ந்துவிடுவேன். முடி கறுத்துக்கொண்டு வருவதை மனைவி ஒருமுறை விசாரித்தாள். காலையில் வேகமாக நடக்கிறேனே, ரத்த ஓட்டம் என்றேன். "நல்லதுங்க, விடாம நடங்க" என்றாள். அன்றிலிருந்து வேறு வழியில்லாமல் நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறேன்.

அழகு நிலையம் நடத்துகிறவளிடமே தலைச்சாயத்தை மறைத்து வைத்திருக்கிறேன் என்றால் என் சாமர்த்தியத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். பயணத்துக்கு முன்னால் அவள் வீட்டை விட்டு நகரவே இல்லை. எனக்குக் குளியலறை கிடைக்கவில்லை. காதோரத்தில் வேர் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வெள்ளையோடு சகலை முன்னால் போய் நிற்பதா? அங்கே போய் அவர் வீட்டுக் குளியலறையில் தடவிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சாயத்தை எப்படிக் கொண்டுபோவது? கவரில் போட்டால் மனைவி கண்ணில் படும். யோசித்தேன். இருமல் மருந்து தீர்ந்துபோன பழுப்புப் புட்டி ஒன்று கிடைத்தது. நூறு மில்லிப் புட்டி, மேலே மருந்தின் பெயர் ஒட்டியிருந்தது. கழுவிக் காயவைத்து, சாயத்தை அதில் ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

பிறகு அதை அடுக்கினேன் பாருங்கள், அது ஒரு கலை. முதலில் கைக்குட்டை. அதன் மேல் ஒரு சாக்ஸ். எதிர்த் திசையில் இன்னொரு சாக்ஸ். அந்தப் பொட்டலம் ஷூவுக்குள் போயிற்று. ஷூவைச் சுற்றிப் பனியன். நாலு பக்கமும் சட்டை. என் தொழிலில் ஒரு பொருளைச் சரியாகச் சுற்றிவிட்டால் அதோடு அதை மறந்துவிட வேண்டும். நானும் மறந்துவிட்டேன். உடையுமா உடையாதா என்று பார்த்தேனே தவிர, கட்டிலருகே உட்கார்ந்து காலை நேரம் முழுக்க நான் எடுத்த வகுப்பு இந்தப் புட்டிக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் கண்ணுக்குத் திரவமாகப் படவில்லை. நன்றாகச் சுற்றிய ஒரு சாமானாகத்தான் பட்டது.

பெட்டியை மூடும்போது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இருமல் மருந்து பாட்டிலைக் கழுவிக் கவுத்து வச்சிருந்தீங்களே, இருமலா?"

"ம்... லேசா." இருமிக் காட்டினேன்.

"அப்போ மருந்து எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்."

"அதுவும் தண்ணி மருந்துதானே? கவர்ல போட்டுட்டீங்களா?"

"என் பெட்டிக்கு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"சரிங்க" என்றாள்.

விமான நிலையத்தில் கவுண்ட்டர் பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள். "உங்க பெட்டியை நீங்களே அடுக்கினீங்களா சார்?"

"வேற யாரு அடுக்குவாங்க? அடுக்கறது என் தொழில். கண்ணாடிக் கோப்பையைக் கடல் கடந்து அனுப்பறவன் நான். என் பெட்டியை இன்னொருத்தர் தொடறதுக்குக்கூட நான் விடறதில்லை."

"வேற யாரும் எதுவும் கொடுத்து வைக்கச் சொல்லலையே?"

"நடக்கிற காரியமா?"

எனக்குப் பின்னால் நின்ற வரிசைக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். மனைவி பக்கத்தில் அடக்கமாக நின்றாள்.

சோதனைக்கு அவள் பெட்டி முன்னால் போனது. நான் வாயெல்லாம் பல்லாக அந்தப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நிற்கும், இதோ நிற்கும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி கொட்டாவி விட்டார். பெட்டி அந்தப் பக்கம் போய் இறங்கிவிட்டது. அவள் தனியாக வைத்திருந்த ஜிப் கவரைப் பார்த்தேன். அதில் விரல் நீளத்துக்கு இரண்டே இரண்டு புட்டிகள். கவர் இளைத்துத் துரும்பாகக் கிடந்தது.

"எங்கே உன் பவுண்டேஷன்?"

"குச்சியா வருதுங்க, லிப்ஸ்டிக் மாதிரி. பெட்டியில இருக்கு. பிரைமரும் குச்சிதான். கன்சீலர் கட்டி. முகம் கழுவ சோப்பு, மேக்கப் கலைக்க ஒரு கட்டி. மஸ்காராவும் ஐ லைனரும்தான் கவர்ல. நான் இதையே தொழிலா வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அப்போ அன்னிக்கு நான் அவ்வளவு நேரம் சொல்லிட்டு இருந்தப்போ ஏன் வாயைத் திறக்கலை?"

"நீங்க ஆசை ஆசையாச் சொல்லிட்டு இருந்தீங்க. நடுவுல குறுக்கிட மனசு வரலைங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பெல்ட் நின்றது. கொஞ்சம் முன்னால் போனது. மறுபடி பின்னால் வந்தது. கொட்டாவி விட்ட அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பெட்டி யாருது?" என்று சீருடை போட்ட ஒரு பெண்மணி கேட்டார்.

"என்னுடையது."

"யார் அடுக்கினது?"

கவுண்ட்டரில் பேசிய பேச்சு நெஞ்சுக்குள் ஒருமுறை உருண்டது. "நான்தான்."

அவர் பெட்டியைத் திறந்தார். சட்டைகளை எடுத்தார். பனியனை எடுத்தார். ஷூவை எடுத்து, அதற்குள் கையைவிட்டு, பொட்டலத்தை வெளியே இழுத்தார். ஒரு சாக்ஸ் உருவினார். இன்னொரு சாக்ஸ் உருவினார். கைக்குட்டையைப் பிரித்தார்.

"ரொம்ப நல்லாச் சுத்தியிருக்கீங்க" என்றார்.

"தொழில்ங்க" என்றேன். அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"இது என்ன?"

"இருமல் மருந்து."

"கவர்ல போடாம ஷூவுக்குள்ள ஏன் வச்சிருக்கீங்க?"

"உடைஞ்சிடக் கூடாதுன்னு..."

"யாருக்கு இருமல்?"

"எனக்குத்தாங்க." இருமினேன். பயத்தில் நன்றாகவே வந்தது.

அவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் குடிச்சுக் காட்டுங்க."

இது தலைச்சாயம் என்று சொன்னால் பக்கத்திலேயே மனைவி. இத்தனை காலம் கட்டிக் காத்தது அத்தனையும் போச்சு. குடித்தால், குடல் கறுக்குமா, உயிர் போகுமா, தெரியாது. வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், அதற்கும் தெரியட்டும் என்று.

"குடிங்க" என்றாள் என் மனைவி. "எப்படி இருமறீங்க பாருங்க."

"இ... இப்போ பரவாயில்லை."

"பரவாயில்லையாவது? கரண்டி இல்லேன்னு யோசிக்கறீங்களா? க்ரீம் எடுக்கற குட்டிக் கரண்டி இருக்கு, தரட்டுமா?"

நான் புட்டியைத் தூக்கினேன். வீட்டில் குளியலறையில் பழகிய அதே நெடி மூக்கில் ஏறியது. மானமா உயிரா என்று பார்த்தேன். மானம்தான் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு உதட்டருகே கொண்டுபோனேன். சத்தியமாகக் குடித்திருப்பேன்.

யாரோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். மனைவிதான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தாள்.

"அட, நிஜமாவே குடிச்சுடுவீங்க போல இருக்கே! மேடம், அது மருந்து இல்லை. தலைக்கு அடிக்கிற டை. எங்க வீட்டுக்காரர் வெட்கப்படறார்."

அந்தப் பெண்மணி ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டார். கறுப்பாகப் பரவியது. தாளைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். "ஓ" என்றார். வரிசை மொத்தமும் என் தலையைப் பார்த்தது. தோளில் இருந்த குழந்தையும் பார்த்தது. சாயம் வெளுத்துப்போச்சு என்று சொல்வார்களே, அது எனக்கு விமான நிலையத்தில் நடந்தது. இத்தனைக்கும் நல்ல சாயம்.

"மருந்து பாட்டில்ல வேற எதையோ ஊத்திக் கொண்டுவந்தா விட முடியாது சார். டையை டைன்னு சொல்லி, கவர்ல வச்சிருந்தா தாராளமா எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்" என்று சொல்லி, புட்டியைத் தொட்டியில் போட்டார். நான் அடுக்கிய சாமான் ஒன்று குப்பைக்குப் போவதை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தேன்.

விமானத்துக்குக் காத்திருந்த இடத்தில் கலைந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதை மறுபடி அடுக்க மனம் வரவில்லை. அவள்தான் சாக்ஸை ஜோடி சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் தடவையே தெரியும். காதுக்குப் பின்னால கறுப்பா ஒட்டியிருந்தது. தூங்கும்போது நான்தான் துடைச்சுவிட்டேன்."

"துடைச்சுவிட்டியா?"

"அப்படியே வெளியே போனா நாலு பேர் பார்ப்பாங்களே. அப்புறம் கடைக்காரரும் போன் பண்ணார்."

"எந்தக் கடைக்காரர்?"

"அந்தக் கோடியில இருக்காரே, அவர்தான். என் பார்லருக்குச் சாமான் அவர்கிட்டதானே வாங்கறேன். 'உங்க வீட்டுக்காரர் வந்து டை கேட்கறாரு, கொடுக்கட்டுமா'ன்னார். நீங்க அட்டக்கறுப்பு கேட்டீங்களாம். அது உங்க முகத்துக்கு ஒத்து வராது. கொஞ்சம் பழுப்பு கலந்ததா, தோலுக்கு அரிப்பு வராததாப் பார்த்துக் கொடுங்கன்னு சொன்னேன். எப்போ தீரும்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால அவருக்குச் சொல்லி வச்சுடுவேன்."

"மணப்பெண் அலங்காரம்னு நீ வெளியே போவியே..."

"பாதி நாள் பக்கத்துத் தெருவுல தோழி வீட்ல உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கும் குளியலறை வேணும் இல்லையா?"

எனக்குக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தேன், வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்கும் அடியில், இவள் எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாளே என்று ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. மறைத்திருக்கிறோம் என்று தெரியாமல் மறைக்க வேண்டும் என்று சொன்னாள் அல்லவா? எங்கள் வீட்டில் அதைச் சரியாகச் செய்தவர் யார் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஆனா பந்தயம் பந்தயம்தான்" என்றாள், கடைசி சாக்ஸை மடித்துக்கொண்டே.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்திருந்தது. புது வாசனை மாறாத அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். செய்துகாட்டப் போவது ஒரு ஆளுக்கு, நாற்காலி எதற்கு இரண்டு? இதையும் நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

நான் தலை நிமிர்ந்து போய் ஒன்றில் உட்கார்ந்தேன். தோற்றாலும் மிடுக்காகத் தோற்பது என் பழக்கம். மனைவி என் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள். காதோரத்து வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. சகலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் தோளைத் தட்டினார்.

"என்ன சகலை, உள்ளே இருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டார்.

"நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் அவருடைய மனைவி, இன்னொரு நாற்காலியைத் தட்டி. "உங்களுக்கும் வேர் வெளுத்திருக்கு. உட்காருங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்தே கலக்கிடலாம்."

கோதிய கை தலையிலேயே நின்றுவிட்டது.

"என்னடி சொல்றே? எனக்கு எதுக்கு? எனக்கு இயற்கையாவே..."

"கார் கழுவற திரவம்னு ஷெட்டுல ஒரு டப்பா வச்சிருக்கீங்களே, அந்த இயற்கைதானே? அதுக்கு நிறம் பார்த்து அனுப்பறதே என் தங்கச்சிதாங்க. உட்காருங்க."

சகலை உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு நாற்காலியில் இவ்வளவு சின்னதாக அடங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. போன தடவை எனக்குத் தந்த சட்டையை அப்போது அவரே போட்டிருந்தாலும் அவருக்கே தொளதொளவென்று இருந்திருக்கும்.

எங்கள் தலைகளில் ஒரே கிண்ணத்திலிருந்து ஒரே சாயத்தைத் தடவினார்கள். பிளாஸ்டிக் தொப்பி மாட்டினார்கள். சாயம் ஏறுகிற நேரத்தில் முகத்தையும் விட்டுவைக்கவில்லை. முதல் பூச்சுக்கு முந்தைய பூச்சு, முதல் பூச்சு, மறைக்கிற பூச்சு எல்லாம் நடந்தது. கூட்டத்திலிருந்த ஆண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு நெருங்கி வந்து பார்த்தார்கள், பிறகு அவரவர் தலையைக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலைக்குள் நாற்காலி கிடைக்காமல் வாசலில் நின்றார்கள். அக்காளும் தங்கையும் எங்களைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தொப்பியோடு உட்கார்ந்திருந்தபோது சகலை என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "நீங்க எதுல ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"இருமல் மருந்து பாட்டில்ல."

"அடடே. எனக்கு அது தோணலையே" என்றார். உண்மையான மரியாதையோடு சொன்னார். சட்டைக் கதையை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் திரும்பும்போது என் பெட்டியை மனைவிதான் அடுக்கினாள். அடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெருந்தன்மைதான், வேறொன்றும் இல்லை. கவுண்ட்டரில் வேறொரு பெண், அதே சிரிப்பு, அதே கேள்வி.

"உங்க பெட்டியை நீங்களே அடுக்கினீங்களா சார்?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் பேக்கிங் மாஸ்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. இந்த முறை நிஜமான இருமல், நிற்கவே இல்லை.

"அடடா, கையில மருந்து ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்குங்க" என்று மனைவி தன் ஜிப் கவரில் இருந்த தலைச்சாயப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள். "வீட்டுக்குப் போய்த் தலையில தடவினா நின்னுடும்."